கணுக்கால் டேப்: கேள்வி பதில்

கணுக்கால் பிரளாமல் இருக்க ஒட்டும் விளையாட்டு டேப் பற்றி மைதானத்தில் கால் பிரண்டவர்கள் கேட்டவற்றுக்கு, காயங்களைப் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் என் பதில்கள். கேட்டவர்களின் ஊரை முன்னால் போட்டிருக்கிறேன்.

உப்புவெளி: நேற்று உதைபந்தாட்டத்தில் கால் பிரண்டு வீங்கிவிட்டது. சனிக்கிழமை இறுதிப் போட்டி. எப்படி டேப் ஒட்டுவது அண்ணா?

ஒட்டாதீர்கள் தம்பி. புதிதாக வீங்கின காலை இறுக்கினால், வீக்கம் கூடும்போது டேப் இரத்த ஓட்டத்தை நெரிக்கும். முதலில் எலும்பைப் பாருங்கள். கணுக்காலின் இரண்டு பக்க எலும்புகளின் பின் ஓரத்தை, நுனியிலிருந்து 6 சென்ரிமீற்றர் உயரம் வரை அழுத்துங்கள். பாதத்தின் வெளி ஓர நடுவில் துருத்தும் எலும்பையும், உள்பக்க மேட்டு எலும்பையும் அழுத்துங்கள். எலும்பிலேயே நோவு இருந்தாலோ, நாலு அடி வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சனிக்கிழமை விளையாட வேண்டாம்.

நிலாவெளி: வலைப்பந்தாட்டம் விளையாடுகிறேன். வீக்கம் போய்விட்டது, நோவில்லாமல் ஓடுகிறேன். பழையபடி பிரளுமோ என்று பயம்.

டேப் உங்களுக்குத்தான் தங்கச்சி. ஒருமுறை சுளுக்கின கால் மறுபடி பிரள்வதை அது குறைக்கிறது. 38 மில்லிமீற்றர் அகலமான, இழுபடாத வெள்ளை டேப் வாங்குங்கள். காலைக் கழுவித் துடைத்து, பாதத்தைக் காலுக்குச் செங்கோணத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டேப் ஒட்டி முடியும் வரை பாதம் கீழே சரியக்கூடாது. கெண்டைச் சதைக்குக் கீழே ஒரு சுற்று, அதுதான் பிடிமானம். அதிலிருந்து உள்பக்கமாக இறக்கி, குதிக்காலுக்கு அடியால் எடுத்து, வெளிப்பக்கமாக மேலே இழுத்து ஒட்டுங்கள். திசை மாறினால் கால் பிரளும் பக்கமே இழுபடும். இப்படியே, ஒன்றை ஒன்று பாதி மூடும்படி மூன்று பட்டிகள் போட்டு, குதிக்கால் அசையாதபடி அதைச் சுற்றிப் பூட்டி, மேலே மூடிவிடுங்கள். சுருக்கம் இருந்தால் அந்த இடத்தில் கொப்பளிக்கும். கடைசியில் பெருவிரல் நகத்தை அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். இரண்டு செக்கனில் சிவப்பு திரும்பாவிட்டால் கழற்றி மறுபடி ஒட்டுங்கள். நம்ம ஊர் வியர்வைக்கு அரை மணித்தியாலத்திலேயே தளர்ந்துவிடும், இடைவேளையில் பாருங்கள்.

கிண்ணியா: கலர் டேப் போதுமா?

போதாது. 1970களில் ஜப்பானில் கென்சோ கசே உருவாக்கிய அந்த டேப் இழுபடும். பிரளும் காலை அது தடுத்து நிறுத்தாது.

மூதூர், ஒரு மாஸ்டர்: டேப் கட்டிப் பழகினால் கால் பலவீனமாகும். பிள்ளைகளை மணலில் ஓடவிடுங்கள்.

டேப் காலைப் பலவீனமாக்கும் என்பதற்கு நல்ல ஆதாரமில்லை மாஸ்டர். சமநிலைப் பயிற்சி வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன்: ஒற்றைக் காலில் நிற்பது, பிறகு கண்ணை மூடி நிற்பது. ஆனால் மணல் பிற்பாடுதான். மணல் எந்தப் பக்கம் சரியும் என்று ஆறாத காலுக்குத் தெரியாது.

உப்புவெளி, இன்னொருவர்: மாஸ்டர் சொன்னது சரி, நான் டேப்பை விட்டுவிட்டேன்.
நிலாவெளி: நான் விட்ட வாரமே பிரண்டது!

இரண்டு பேரின் கதையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பயிற்சியும் டேப்பும் ஒன்றை ஒன்று தள்ளாது. கால் உறுதியாகும் வரை இரண்டும் இருக்கட்டும். டேப் ஒட்டி ஒட்டித் தோல் போகிறதென்றால், லேஸ் கட்டும் கணுக்கால் உறை வாங்குங்கள்.

மாஸ்டர்: சரி, பயிற்சியை முதலில் தொடங்குகிறோம்.

நன்றி மாஸ்டர்.

சாம்பல்தீவு: அப்பாவுக்கு நீரிழிவு, காலில் புண். டேப் ஒட்டலாமா?

வேண்டாம். இன்றே டாக்டரிடம் போங்கள்.

கிண்ணியா: நாளைக்கு மட்ச், இன்றைக்குச் சுளுக்கிவிட்டது...

முதல் பதிலைப் படியுங்கள் தம்பி. வீங்கின காலில் டேப் இல்லை.

மூதூர்: எப்போது திரும்ப விளையாடலாம்?

நோவில்லாமல் நடந்து, ஓடி, அந்த ஒற்றைக் காலால் குதித்து, சட்டென்று திரும்ப முடிந்தால். முதலில் டேப் இல்லாமல் செய்து பாருங்கள்.