ரத்த ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது? சிவப்பணு, ரத்தசோகை: கேள்வி பதில்

ரத்தப் படலத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதும் நோய்க்குறியியல் மருத்துவர் நான். சிவப்பணு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.

கேள்வி: சிவப்பணுவுக்கு ஆயுள் ஏன் 120 நாள்தான்?

மஜ்ஜையை விட்டுக் கிளம்பும் முன்பே அது தன் உட்கருவை உதறிவிடுகிறது. ஹீமோகுளோபினுக்கு இடம் கிடைக்கிறது, உடலும் நன்றாக வளைகிறது. ஆனால் பழுதான புரதத்துக்குப் பதிலாகப் புதிது செய்துகொள்ள வழி போய்விடுகிறது. ஏழெட்டு மைக்ரான் அகலமுள்ள இந்த அணு, தன்னைவிடக் குறுகிய தந்துகிகளில் மடங்கி மடங்கி நுழைந்து வரவேண்டும். வயதாகி விறைத்துப்போனால் மண்ணீரல் பிடித்து அழித்துவிடும்.

அதிலிருக்கும் இரும்பு மட்டும் வீணாவதில்லை. புது ரத்தம் ஊற மஜ்ஜைக்குத் தினமும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். உணவிலிருந்து குடல் உறிஞ்சுவதோ 1 அல்லது 2 மில்லிகிராம்தான். மீதி முழுக்க அழிந்த அணுக்களிலிருந்து திரும்பி வருவது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. தினம் நாலைந்து மில்லிலிட்டர் கசிந்தாலே சேமிப்பு கரைய ஆரம்பித்துவிடும்.

கேள்வி: ஹீமோகுளோபின் 9.4. எந்த மாத்திரை நல்லது?

காரணம் தெரியாமல் சொல்ல முடியாது. அதே ரிப்போர்ட்டில் எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும், அணுவின் சராசரி அளவு அது. 80க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இரும்புக் குறைவு அல்லது தலசீமியா வகை (ஹீமோகுளோபின் செய்வதில் பரம்பரையாக வரும் குறை). 100க்கு மேலே என்றால் பி12, ஃபோலிக் அமிலம், கல்லீரல், தைராய்டு, மது என்று தேடவேண்டும். நடுவில் இருந்தால் சிறுநீரகம், நாள்பட்ட அழற்சி, அண்மையில் நடந்த ரத்தப்போக்கு என வேறு பட்டியல்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. ஃபெரிட்டின் 8. சத்துக் குறைவுதானே?

ஃபெரிட்டின் 8 என்றால் இரும்புச் சேமிப்பு காலி, அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த வயது ஆணுக்கு அது ஏன் காலியானது? வயிற்றுப் புண்ணோ குடல் புற்றுநோயோ கண்ணுக்குத் தெரியாமல் கசியலாம். மலத்தில் சிவப்பு தெரியவில்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். இரைப்பை குடல் மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். மாத்திரையில் எண் ஏறிவிட்டது என்று பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: ஒரு வருஷமாக இரும்பு மாத்திரை சாப்பிடுகிறேன். ஹீமோகுளோபின் 11.2ஐ விட்டு நகரவில்லை. எம்.சி.வி. 64, சிவப்பணு எண்ணிக்கை 56 லட்சம்.

அந்த 56 லட்சத்தைப் பாருங்கள். இரும்பு இல்லாத மஜ்ஜையால் பொதுவாக இவ்வளவு அணுக்களைச் செய்ய முடியாது. அணு சிறியது, எண்ணிக்கை அதிகம் என்றால் தலசீமியா கேரியரா, அதாவது பழுதான மரபணுவை நோயில்லாமல் சுமப்பவரா என்று பார்க்கவேண்டும். 56 லட்சம் என்பது 5.6 மில்லியன். எம்.சி.வி. 64ஐ அந்த 5.6ஆல் வகுத்தால் 11.4. 13க்குக் கீழே வந்தால் சந்தேகம் அந்தப் பக்கம் சாயும். ஃபெரிட்டினும், ஹீமோகுளோபினில் ஒரு வகையான ஏ2வின் அளவும் பாருங்கள்.

இன்னொருவர்: ஒரு வகுத்தல் கணக்கை வைத்து மரபணு நோய் என்று பயமுறுத்தலாமா? இரும்புக் குறைவிலும் இப்படி வரும்.

வரும், மறுக்கவில்லை. கணக்கு திசைதான் காட்டும், தீர்ப்பு சொல்லாது. ஏ2 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பீட்டா வகை என்று சொல்லலாம். இரும்பும் குறைந்திருந்தால் ஏ2 பொய்யாக இறங்கி நிற்கலாம், ஆல்ஃபா வகையில் அது உயரவே உயராது. படலத்தைப் பார்ப்பதும் உதவும். நல்ல சிவப்பணுவில் நடுவே வெளுப்பு, அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். இரும்பு குறைந்தால் ஓரத்தில் மெல்லிய வளையம் மட்டும் மிஞ்சும், இடையிடையே பென்சில் போல நீண்ட அணுக்கள் கிடக்கும். தலசீமியாவில் வெளுப்பின் நடுவே மறுபடி ஒரு சிவப்புப் புள்ளி தெரியும்.

அவரே: கேரியருக்குத்தான் ஒன்றும் ஆகாதே. பிறகு எதற்கு இவ்வளவு தேடல்?

அவருக்கு ஒன்றும் ஆகாது, சரி. துணைவரும் பீட்டா கேரியராக இருந்தால்? ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அந்தக் குழந்தைக்கு வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்றவேண்டி வரலாம். கேள்வி கேட்டவருக்கு இதை ஒரு வருஷம் முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும். அப்புறம், அதிகப்படி இரும்பை வெளியேற்ற உடலுக்குத் தனி வழி கிடையாது. குறைவு உறுதியானால் கேரியரும் சாப்பிடலாம், இல்லாவிட்டால் வேண்டாம்.

கேள்வி: எனக்கு 10.1. என்ன மாத்திரை?

மேலே இரண்டாவது பதில்.

கேள்வி: எனக்கு 8.8, மூச்சு வாங்குகிறது. எது சாப்பிட்டால் ரத்தம் ஊறும்?

மூச்சு வாங்கினால் இங்கே எழுதிக் காத்திருக்காதீர்கள், இன்றே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: எம்.சி.வி. 112. ஃபோலிக் அமிலம் மட்டும் போதுமா?

பி12 பார்க்காமல் தொடாதீர்கள். பி12 குறைவில் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறிவிடும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும்.

கேள்வி: இரும்புக் குறைவு உறுதியாகிவிட்டது, மாதவிடாய்ப் போக்குதான் காரணம். ஹீமோகுளோபின் 12.5க்கு வந்துவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?

வேண்டாம். சேமிப்பு நிரம்ப இன்னும் சுமார் மூன்று மாதம் ஆகும். போக்குக்கும் சிகிச்சை எடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். மாத்திரையைச் சிறு குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அவர்களுக்குச் சில மாத்திரைகளே உயிருக்கு ஆபத்து.