நாணயத் தரமதிப்பீடு: மகளின் ஆசையும் சித்தப்பாவின் முதலீடும்

பள்ளி இறுதியாண்டை முடித்திருக்கும் மகளைப் பற்றி ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகளுக்குச் சிறு வயதிலிருந்தே பழைய நாணயங்களில் ஈடுபாடு. கணினிப் பொறியியலில் சேர்த்துவிட்டால் கவலை விட்டது என்கிறார் தாய்மாமன். நாணய வியாபாரம் செய்யும் சித்தப்பாவோ, படிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், உள்ளூரிலேயே நாணயங்களுக்குத் தரம் போட்டுத் தரும் நிறுவனம் ஒன்றைத் தொடங்குவோம், பாதிப் பணத்தை நான் போடுகிறேன், மீதிக்கு நீங்கள் கடன் வாங்குங்கள், நாணயத்தின் நிலையைப் பார்த்து எண் கொடுக்கும் கிரேடிங் வேலையை அவள் பார்க்கட்டும் என்கிறாராம். இரண்டில் எது நல்லது என்று தாயார் கேட்கிறார்.

அம்மா, உங்கள் கலக்கம் புரிகிறது. ஆனால், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொல்லி உங்களை அனுப்பிவைத்தால் நான் என் வேலையைச் செய்யாதவன் ஆவேன். இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் பதில்.

மாமாவின் யோசனைக்கு அதிக இடம் தேவையில்லை. உங்கள் மகள் ஒவ்வொரு நாணயத்தையும் எடைபோட்டு, விளிம்பைப் படம் வரைந்து, குறிப்பேட்டில் எழுதி வைக்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கணினி நிரல் எழுதுவதில் அவளுக்கு ஆர்வம் இருந்ததாக ஒரு வரிகூட உங்கள் கடிதத்தில் இல்லை. நாலு பேர் கேட்டால் சொல்லிக்கொள்ள வசதியாக இருக்கும் என்பதற்காக நான்கு ஆண்டுகளையும் கட்டணத்தையும் செலவிடுவது, மாமாவின் மனநிம்மதிக்கு உங்கள் மகள் கொடுக்கும் விலை. அதைக் கொடுக்க வேண்டியதில்லை.

சித்தப்பாவின் யோசனை அப்படித் தள்ளிவிடக் கூடியதல்ல. அது மகளின் ஆசையைத் தொட்டு வருகிறது. அதனாலேயே கூடுதல் ஆபத்தானது. இன்று உலகெங்கும் புழங்கும் 1 முதல் 70 வரையிலான தர அளவுகோலை, அமெரிக்காவின் பழைய பெரிய செம்புச் சென்ட்டுகளுக்காக 1949-இல் வகுத்தவர் வில்லியம் ஷெல்டன். 70 தரமுள்ள நாணயம், 1 தரமுள்ளதைப் போல எழுபது மடங்கு விலை பெறும் என்பது அன்றைய கணக்கு. அந்த விலைக்கணக்கு பொய்த்துப்போயிற்று. எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. புழக்கத்துக்கே வராத நாணயங்களுக்கு மட்டும் 60 முதல் 70 வரை பதினொரு படிகள் இருக்கின்றன. அடுத்தடுத்த இரண்டு படிகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் மிகச் சிறியதாக இருந்தாலும், விலையில் பெரும் பள்ளம் விழக்கூடும். ஆக, தரம் என்பது அளந்து சொல்லும் எடையைப் போன்றதல்ல. பழகிய கண்கள் சொல்லும் கருத்து. தேர்ந்த நிறுவனங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் தனித்தனியே பார்த்துத்தான் எண்ணை முடிவு செய்கிறார்கள். அப்படியும் சர்ச்சை ஓயவில்லை என்பதால், ஏற்கெனவே தரமிட்ட நாணயங்களை மறுபடி பார்த்து ஒட்டுவில்லை ஒட்டித் தரும் சிஏசி என்ற நிறுவனம் 2007-இல் தோன்றி, அதற்கும் சந்தை உருவானது. தரம் போட்டவருக்கே தரம் போட ஆள் தேவைப்படுகிற தொழில் இது என்பதைச் சித்தப்பா உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

சேகரிப்பாளர்களுக்கு உள்ளூர்த் தரமதிப்பீடு தேவையா என்ற கேள்விக்கு, எந்த நாணயத்தை அவர்கள் கட்டணம் கட்டி அனுப்புவார்கள் என்று பார்த்தால் விடை கிடைக்கும். சாதாரண நாணயத்துக்குக் கட்டணமே அதன் விலையைத் தாண்டிவிடும் என்பதால் அதை அனுப்ப மாட்டார்கள். மிக அரிய நாணயத்தை, 1986-இல் செயல்படத் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987-இல் வந்த என்ஜிசி போன்ற அமெரிக்கத் தரமதிப்பீட்டு நிறுவனங்களுக்குத்தான் அனுப்புவார்கள். எந்த ஊரில் விற்றாலும் தரமிட்ட நாணயத்தை அவர்கள் மூடி அனுப்பும் அந்த உறையை நம்பி வாங்குபவர் பணம் கொடுப்பார். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் கண்ணின் திறமை மட்டும் இல்லை. போலியை அசல் என்று சொல்லிவிட்டால் இழப்பீடு தருவதாக அந்த நிறுவனங்கள் உத்தரவாதம் கொடுக்கின்றன. பதினெட்டு வயதுப் பெண்ணின் கையெழுத்தோடு வரும் 65 என்ற எண்ணுக்குப் பின்னால் அப்படி எந்தப் பணமும் நிற்காது. ஒரே ஒரு பெரிய தவறு போதும், நிறுவனத்தோடு அவள் பெயரும் போய்விடும். எஞ்சுவது நடுத்தர விலையுள்ள நாணயங்கள். அவற்றுக்குக் கட்டணம் குறைவாகத்தான் வைக்க முடியும், ஆனால் திறந்து மாற்ற முடியாத உறை, மற்றவர் பொருளைக் காக்கும் பெட்டகம், காப்பீடு, நிழற்படக் கருவி என்று செலவுகளில் ஒன்றும் குறையாது. அந்தப் பெரிய நிறுவனங்களின் உறைகளையே போலியாகச் செய்கிறார்கள் என்னும்போது, புதிய நிறுவனத்தின் உறையைப் போலி செய்வது இன்னும் எளிது.

தேவையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பழம்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்பச் சட்டம் தடை விதிக்கும் நாடுகள் பல. அங்கே இருக்கும் சேகரிப்பாளர் தன் பழங்கால நாணயத்தை அயல்நாட்டு நிறுவனத்துக்கு அனுப்பவே முடியாது. ஒரு வட்டாரத்துச் சிற்றரசர்களின் நாணய வகைகளைப் பிரித்தறிய, அந்த எழுத்தையும் அச்சுகளையும் அறிந்தவர் அருகிலேயே வேண்டும். ஆனால் இவர்களெல்லாம் கேட்பது 63-ஆ 64-ஆ என்றல்ல. இது அசல்தானா, யார் வெளியிட்டது, யாராவது கைவைத்திருக்கிறார்களா என்பதுதான் அவர்கள் கேள்வி. தொழிலின் வரலாறும் அப்படியே: அமெரிக்க நாணயவியல் சங்கம் 1972-இல் சான்றளிப்புப் பிரிவைத் தொடங்கியபோது அசலா போலியா என்று மட்டுமே சொன்னது, தரம் போடத் தொடங்கியது 1979-இல்.

உங்கள் மகளின் குறிப்பேடும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. எடையும் விளிம்பும் எழுதி வைக்கிறவள் எண் தேடுகிறவள் அல்ல, நாணயத்தை விசாரிக்கிறவள். நாணயங்களின் மெய்மையை ஆராய்வதும் அவற்றைக் கெடாமல் பாதுகாப்பதும் சேர்ந்த இந்த வேலையை, பொருள்களின் தன்மையை ஆராயும் அறிவியலும் வரலாறும் கலந்த ஒரு படிப்பாக யாரும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வதில்லை. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பிரிட்டனின் சாவரின் தங்க நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 22 காரட், எடை 7.988 கிராம், குறுக்களவு 22.05 மில்லிமீட்டர். எடையும் அளவும் சரியாக இருந்து, தண்ணீரில் மூழ்கடித்துப் பார்த்த அடர்த்தியும் சரியாக இருந்தால் அசல் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெய்ரூட்டில் தயாரான போலிச் சாவரின்களில் பல, உண்மையான தங்கத்தாலேயே செய்யப்பட்டவை. தங்கம் அசல், நாணயம் போலி. எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியும் இங்கே கைகொடுக்காது. அது சொல்வது உலோகத்தின் சேர்க்கையை, அதுவும் மேற்பரப்பில் இருப்பதை மட்டும். தூய தங்க நாணயம் என்று விற்கப்படுவதில் தடித்த பூச்சுக்கு உள்ளே டங்ஸ்டன் என்ற உலோகம் இருந்தால், தூய தங்கத்தின் அடர்த்தியான 19.3-க்கு மிக நெருக்கமாக அதன் அடர்த்தி 19.25 இருப்பதால், தராசும் ஏமாறும். கருவியை வாங்கிவிட்டால் நிறுவனம் தயார் என்று சித்தப்பா நினைத்தால், அந்த நினைப்பு இந்த இடத்தில்தான் உடைகிறது. கருவி காட்டும் எண்ணுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்று அறிவதுதான் படிப்பு.

கருவி நிற்கிற இடத்தில் கண் தொடங்குகிறது. அச்சு அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நுண்ணிய கோடுகளாக ஓடும். புது நாணயத்தை விளக்கொளியில் சுழற்றினால் ஒளி சக்கரம் போலச் சுற்றுவது அந்தக் கோடுகளால்தான். கரைசலில் முக்கியோ தேய்த்தோ பளபளப்பாக்கினால் கோடுகள் அழிந்து, ஒளி தட்டையாகிவிடும். வார்த்தெடுத்த போலியில் சிறு குழிகளும் மழுங்கிய எழுத்துகளும், சில சமயம் விளிம்பில் இணைப்புக் கோடும் இருக்கும். அசல் நாணயம் ஒன்றிலிருந்து அச்சைப் பிரதியெடுத்துப் போலி செய்கிறவர்கள், அந்த நாணயத்தில் தற்செயலாக விழுந்திருந்த கீறலையும் சேர்த்தே பிரதியெடுத்துவிடுவார்கள். ஆகவே இரண்டு நாணயங்களில் ஒரே கீறல் அதே இடத்தில் இருந்தால் இரண்டையும் சந்தேகிக்க வேண்டும். உங்கள் மகளின் வரைபடப் பழக்கம் பலன் தருவது இங்கேதான். 1909-ஆம் ஆண்டு அமெரிக்கச் சென்ட்டில் சான் பிரான்சிஸ்கோ நாணயச் சாலையைக் குறிக்கும் எஸ் எழுத்து இருந்தால் விலை பல மடங்கு என்பதால், எஸ் இல்லாத நாணயத்தில் அதை ஒட்டிவிடுவார்கள். எழுத்தின் அடியில் மெல்லிய பிளவு தெரிகிறதா என்று பக்கவாட்டு ஒளியில் பார்க்க வேண்டும். 1830-இல் இறந்த ஜெர்மானியரான பெக்கர், தான் அடித்த போலிப் பழங்கால நாணயங்களை இரும்புத் தூளோடு பெட்டியில் போட்டு வண்டியில் கட்டி ஓட்டிப் பழசாக்கினார் என்பார்கள். அவருடைய அச்சுகள் இன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் பாடமாக இருக்கின்றன.

பாதுகாப்பு வேலை இதைவிட அமைதியானது, ஆனால் எல்லாச் சேகரிப்பாளருக்கும் தேவையானது. பிவிசி கலந்த மென்மையான பிளாஸ்டிக் உறை காலப்போக்கில் சிதைந்து செம்பின் மேல் பசையான பச்சைப் படலத்தை உண்டாக்கும். ஆரம்பத்திலேயே கண்டால் அசிட்டோனில் கழுவி எடுத்துவிடலாம். வெண்கல நாணயத்தில் வெளிர்பச்சைத் தூளாகப் பூப்பது வேறு கதை. உள்ளே தங்கிய குளோரைடு ஈரப்பதத்தோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கிறது. வேதிச் சிகிச்சையும் உலர்ந்த சேமிப்பும் இல்லாவிட்டால் அது ஓயாது. இரண்டையும் ஒன்றென்று எண்ணித் தேய்த்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

ஆகவே வேதியியல் அல்லது உலோகவியல் இளநிலைப் படிப்பு, கூடவே ஒரு பழைய எழுத்துமுறையில் பயிற்சி, அதன்பின் தொல்பொருள் பாதுகாப்பிலோ நாணயவியலிலோ முதுநிலை என்று திட்டமிடுங்கள். வியன்னா பல்கலைக்கழகத்தில் நாணயவியலுக்கென்றே தனி நிறுவனம் உண்டு. நியூயார்க்கின் அமெரிக்க நாணயவியல் கழகம் 1952 முதல் பட்டப்படிப்பு மாணவர்களுக்குக் கோடைக் கருத்தரங்கு நடத்தி வருகிறது. தரமதிப்பீட்டையும் போலி கண்டறிதலையும் குறுகிய காலத்தில் கற்பிக்கும் கோடை வகுப்புகள் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் நடக்கின்றன. இளநிலை முடியும் வரை அயல்நாட்டு எண்ணமே வேண்டாம். பிறகும், உதவித்தொகை கிடைத்தால் மட்டும் போகட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: இந்தத் துறையில் பணியிடங்கள் குறைவு, ஆரம்பச் சம்பளம் பெரிதல்ல, ஆகவே பெருங்கடனோடு இதற்குள் நுழையக் கூடாது. அருங்காட்சியகம், ஏல நிறுவனம், நாணயச் சாலையின் தரக்கட்டுப்பாடு, நகைத் தூய்மையைச் சோதிக்கும் கூடம் என்று வாய்ப்புகள் சிதறிக் கிடக்கின்றன. நாணயத்தின் மேல் ஆர்வம் பின்னாளில் தணிந்தாலும் வேதியியல் அல்லது உலோகவியல் பட்டம் கையில் இருக்கும்.

சித்தப்பாவிடம் என்ன சொல்வது என்று கேட்கிறீர்கள். நாணயத்தை வாங்கி விற்கிறவர் பணத்தில் நடக்கும் நிறுவனம் அவருடைய சரக்குக்கே தரம் போடுவது, தேர்வு எழுதியவரே விடைத்தாளைத் திருத்துவதைப் போன்றது. சேகரிப்பாளர்கள் ஒரு மாதத்தில் கண்டுகொள்வார்கள். ஆகவே உங்கள் பங்குக்கான கடனை வாங்காதீர்கள், அவர் போடும் பாதியையும் ஏற்காதீர்கள். பத்தாண்டு கழித்து அவள் சொந்தமாக அசல்-போலி ஆய்வுக்கூடம் தொடங்கினால் அப்போதும் வியாபாரி யாரும் பங்குதாரராக இருக்கக் கூடாது என்று இப்போதே சொல்லி வையுங்கள். இடைப்பட்ட காலத்தில் அவர் கடையில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான நாணயங்களைக் கையில் எடுத்துப் பார்க்க அவள் போகலாம். அதைவிட நல்ல பயிற்சிக்கூடம் அருகில் கிடைக்காது. ஆனால் அங்கே விற்கும் எந்த நாணயத்தைப் பற்றியும் அசல் என்றோ இன்ன தரம் என்றோ அவள் எழுத்தில் கொடுக்கக் கூடாது, விலைச்சீட்டில் அவள் பெயர் வரக் கூடாது. இதற்குச் சித்தப்பா சம்மதித்தால் அனுப்புங்கள். முகம் சுளித்தால் கல்லூரி திறக்கும்வரை அவள் வீட்டிலேயே குறிப்பேட்டை நிரப்பட்டும்.