கடல் சூடாவதால் மிதவை விலங்குகளின் (நீரோட்டத்தோடு மிதந்து வாழும் சிறு கடல் உயிர்கள்) வகைகள் குறைகின்றனவா? குமரிக் கடலில் மீன்பாடு குறைய அதுதான் காரணமா?

எல்லாக் கடலிலும் குறையவில்லை. சில இடங்களில் கூடியிருக்கிறது, அதுவும் நல்ல செய்தி அல்ல.

வட அட்லாண்டிக்கில் பிரிட்டிஷ் கடல் உயிரியலாளர் அலிஸ்டர் ஹார்டி வடிவமைத்த கருவியைச் சரக்குக் கப்பல்களின் பின்னால் கட்டி இழுத்து மாதிரி எடுக்கிறார்கள். 1931இல் தொடங்கிய வேலை. 1960 முதல் 1999 வரை எடுத்தவற்றைப் பார்த்தால், வடகிழக்குப் பகுதியில் வெதுநீர்க் கோப்பிபாடுகள் (இறால் இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய மிதவை விலங்குகள்) அட்சரேகையில் சுமார் 10 பாகை வடக்கே ஏறியிருக்கின்றன. அங்கே வகைகள் கூடியது இப்படித்தான். வட கடலில் கலானஸ் பின்மார்க்கிகஸ் என்ற குளிர்நீர்க் கோப்பிபாடு குறைந்து, வெதுநீர் வகையான கலானஸ் ஹெல்கோலாண்டிகஸ் பெருகியது. பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. ஐந்தாவது காலை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பிரிக்க முடியும். ஆனால் அண்ணன் வசந்தத்தில் பெருகுவான், தம்பி பெரும்பாலும் இலையுதிர் காலத்தில். காட் மீன் குஞ்சுகளுக்குத் தீனி வேண்டியதோ வசந்தத்தில்.

நம் பக்கம் கதை வேறு. வெப்பக் கடல் உயிரிகள் பலவும் தாங்கும் எல்லைக்குப் பக்கத்தில்தான் வாழ்கின்றன. ஒரு வகை போய்விட்டால் அந்த இடத்துக்கு வர, இதைவிடச் சூடான கடல் ஏது? வடக்கே நகரலாம் என்றால் குஜராத், பாகிஸ்தானோடு அரபிக்கடலே முடிந்துவிடுகிறது.

குளச்சல், முட்டம் பக்கம் ஆனி ஆடியில் மேல்நீர் ஒதுங்கி, அடியிலிருந்து தணுத்த, சத்துள்ள தண்ணீர் ஏறிவரும். அதில் தாவர மிதவைகள் பெருகும், அவற்றைத் தின்று கோப்பிபாடு, அப்புறம் நெத்திலியும் சாளையும். மேல்நீர் சூடாகி லேசானால் அடிநீரோடு கலப்பது கடினம். மேற்கு இந்தியப் பெருங்கடலில் தாவர மிதவைகள் 60 ஆண்டுகளில் 20 சதவீதம் வரை குறைந்ததாக 2016இல் ஓர் ஆய்வு வந்தது. தீனி சுருங்கும்போது பெரிய கோப்பிபாடுகள் குறைந்து சிறியவை மிஞ்சும். அதே வயிற்றை நிரப்ப நெத்திலி கூடுதலாக அலைய வேண்டும்.

மீன்பாட்டுக்கு இது ஒரு காரணம், அவ்வளவுதான். இழுவை மடியும் சின்னக் கண்ணி வலையும் இருக்கும்போது பழியை எல்லாம் வெயில் மேல் போட முடியாது. சாளை எப்போதுமே சில வருஷம் குவியும், சில வருஷம் காணாமல் போகும். வலையில் சொறி (ஜெல்லிமீன்) ஏறினாலே காலநிலை மாற்றம் என்று சொல்வதையும் நான் ஏற்பதில்லை.

கல்லூரி ப்ராஜெக்டுக்காகக் கேட்கிறீர்கள் என்றால், ஆனி ஆடியில் மாதிரி எடுக்காத பட்டியலை வைத்து வகை குறைந்தது என்று எழுதிவிடாதீர்கள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை, அதனால் வள்ளக்காரர்களிடம் (நாட்டுப்படகுக்காரர்கள்) முன்கூட்டியே பேசி வையுங்கள். சீப்புச்சொறி (ஜெல்லிமீன் போலத் தெரியும் மென்மையான மிதவை விலங்கு) வகைகளைப் படகிலேயே எண்ணிவிடுங்கள். பார்மலினில் போட்டால் பல கரைந்து உருக்குலைந்துவிடும்.