கட்டம் போட்ட சால்வையும் கடைக்காரர் சொன்ன கதையும்

கேள்வி: கனடாவில், ஹாலிஃபாக்ஸில் படிக்கும் என் மகள் நீலமும் பச்சையுமாகக் கட்டம் போட்ட கம்பளிச் சால்வை அனுப்பியிருக்கிறாள். நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் டார்ட்டனாம் (ஸ்காட்லாந்து பாணிக் கட்டத் துணி), ஒவ்வொரு நிறத்துக்கும் அர்த்தம் உண்டு என்று கடைக்காரர் சொன்னாராம். நிஜமா, வியாபாரக் கதையா? ஸ்காட்லாந்துக்குச் சம்பந்தமே இல்லாத நான் அதைப் போர்த்திக்கொள்ளலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. ஸ்காட்லாந்தின் பழைய டார்ட்டன்களைக் காட்டி சிவப்பு என்றால் ரத்தம், பச்சை என்றால் மலை என்று யாராவது சொன்னால் நானும் நம்ப மாட்டேன், அதெல்லாம் பெரும்பாலும் பிற்பாடு ஒட்டவைத்த அர்த்தம். கிடைத்த சாயம், நெய்கிறவரின் ரசனை, அவ்வளவுதான் அந்தக் காலத்துக் கணக்கு. இந்தக் குலத்துக்கு இந்தக் கட்டம் என்கிற மோகமே 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோதுதான் சூடு பிடித்தது.

உங்கள் சால்வை வேறு ரகம். 1953-ல் நோவா ஸ்கோஷியாவில் செம்மறி ஆடு வளர்ப்பவர்களுக்காக நடந்த ஒரு காட்சிக்கு, பெஸ்ஸி மரே என்ற நெசவுக் கலைஞர் அங்கே ஆடு வளர்த்த வரலாற்றைச் சொல்லும் பெரிய படத்திரை ஒன்று செய்தார். அதில் கில்ட், அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட பாவாடை, கட்டிய ஒரு மேய்ப்பன். எந்தக் குலத்தின் கட்டத்தைப் போட்டாலும் மற்றவர்கள் முகம் சுளிப்பார்களே என்று, அந்தக் குட்டிப் பாவாடைக்கு மட்டும் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு புதுக் கட்டத்தை அவரே உருவாக்கினார். வந்தவர்கள் திரையை விட்டுவிட்டு அந்தப் பாவாடைத் துணி எங்கே கிடைக்கும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்! 1956-ல் அது ஸ்காட்லாந்தில் முறைப்படி பதிவானது, 1963-ல் மாகாணமே சட்டம் போட்டு ஏற்றுக்கொண்டது. கனடாவில் சொந்த டார்ட்டன் வைத்துக்கொண்ட முதல் மாகாணம் அதுதான்.

சரி, நிறங்கள். நீலம் கடல். வெள்ளை, கருங்கல் பாறையும் அதில் மோதும் நுரையும். இரண்டு பச்சையும் காடுகள். பொன்நிறம் அந்த நிலத்துக்குக் கிடைத்த அரச சாசனம், சிவப்பு மாகாணச் சின்னத்தில் நிற்கும் சிங்கம். ஆக ஆறு நிறம்தான், ஆனால் சால்வையைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள், பாவிலும் (நீள நூல்) ஊடையிலும் (குறுக்கு நூல்) ஒரே வரிசையில் நூல் ஓடுவதால் ஒவ்வொரு நிறமும் மற்ற ஐந்தோடும் எங்காவது குறுக்கிட்டே ஆக வேண்டும், அதனால் 15 கலப்பு நிறம் கூடுதலாகப் பிறந்து மொத்தம் 21 ஆகிவிடும். எனக்கு அர்த்தங்களைவிட இந்தக் கணக்குதான் அழகாகப் படுகிறது.

அதே மாகாணத்தின் கேப் பிரெட்டன் தீவுக்குத் தனி டார்ட்டன் உண்டு. அதில் கறுப்பு நிலக்கரிக்கு, சாம்பல் நிறம் எஃகுக்கு. அங்கே சிட்னி என்ற ஊரில் இருந்த எஃகு ஆலை 2001-ல் மூடப்பட்டுவிட்டது, துணியில் சாம்பல் நிறம் மட்டும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்புறம், நீங்கள் போர்த்திக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக. இது குலத்துக்கு உரியது அல்ல, ஊருக்கு உரியது. ஒரே சிக்கல் கம்பளி, கும்பகோணத்தில் மார்கழி வரைக்கும் பொறுக்க வேண்டியிருக்கும்.