கேள்வி-பதில்: ஒன்றியம் விரிந்தால் எல்லை எங்கே போகும்?

கேள்வி: ஒரு நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த அன்றைக்கே எல்லைச் சாவடிகளை மூடிவிடுவார்களா?

பதில்: பாதிதான் மூடுவார்கள். சுங்கச் சோதனை அன்றே போய்விடும். பாஸ்போர்ட் பார்க்கும் கூண்டு அப்படியே இருக்கும். முன்னது உறுப்பு நாடுகளுக்கு இடையே சுங்க வரி இல்லாத சுங்க ஒன்றியத்தைச் சேர்ந்தது, பின்னது அந்த நாடுகளுக்கு இடையே பாஸ்போர்ட் சோதனையை நீக்கும் ஷெங்கன் ஏற்பாட்டைச் சேர்ந்தது. 2004 மே 1 அன்று போலந்து, ஹங்கேரி உள்ளிட்ட 10 நாடுகள் சேர்ந்தன. லாரிகளுக்குச் சுங்க வரிசை அன்றே இல்லாமல் போனது. ஆட்களைச் சோதிப்பது நின்றதோ 2007 டிசம்பர் 21-ல்தான், அதுவும் தரை, கடல் எல்லைகளில் மட்டும். விமான நிலையங்களில் ஷெங்கன் பயணிகளையும் மற்றவர்களையும் தனித்தனி வழியில் பிரிக்க வேண்டியிருந்ததால் அங்கே 2008 மார்ச் 30 வரை ஆனது. சைப்ரஸ் அப்போது ஷெங்கனில் சேரவே இல்லை.

இடைப்பட்ட காலத்தில் புதிய நாடு பொதுத் தகவல் தளத்தோடு தன் காவல்துறையை இணைக்க வேண்டும், வெளி எல்லையைக் காக்கும் திறனைக் காட்ட வேண்டும், மதிப்பீட்டுக் குழுக்களிடம் தேற வேண்டும். அதற்குப் பிறகும் ஏற்கெனவே ஷெங்கனில் இருக்கும் நாடுகள் அத்தனையும் தலையசைக்க வேண்டும். சிக்கல் இந்தக் கடைசிப் படியில்தான். 2007 ஜனவரி 1-ல் ஒன்றியத்தில் சேர்ந்த ருமேனியாவும் பல்கேரியாவும் தரை எல்லைச் சோதனையிலிருந்து விடுபட்டது 2025 ஜனவரி 1-ல். 18 ஆண்டுகள்! 2022 டிசம்பரில் ஆஸ்திரியா இவர்களுக்கு எதிராக வாக்களித்தது. அவர்களுக்குப் பின்னால் சேர்ந்த குரோஷியாவுக்கோ அதே கூட்டத்தில் பச்சைக்கொடி. இதைத் தொழில்நுட்பத் தகுதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், உள்நாட்டு அரசியல்.

கேள்வி: சுங்கம் போய்விட்டால் சரக்குக்கு வரி யார் வசூலிப்பது?

பதில்: எல்லையில் யாரும் இல்லை, வேலை கணக்குப் புத்தகத்துக்கு மாறிவிடுகிறது. போலந்து ஆலை ஒன்று ஜெர்மனிக் கடைக்குப் பொருள் விற்கிறது என்று வையுங்கள். ஆலை மதிப்புக் கூட்டு வரியைச் சேர்க்காமல் பில் போடும். வாங்கும் கடை தன் நாட்டு விகிதப்படி அந்த வரியைத் தன் வரிப் படிவத்தில் தானே காட்டும். இதற்கு விற்பவர் செய்ய வேண்டியது மூன்று: வாங்குபவரின் வரிப் பதிவெண் செல்லுபடியானதா என்று ஒன்றியத்தின் இணையத் தளத்தில் பார்ப்பது, சரக்கு உண்மையிலேயே நாட்டைவிட்டுப் போனதற்கான போக்குவரத்து ஆவணங்களைப் பத்திரப்படுத்துவது, அந்த விற்பனையைத் தொகுப்பு அறிக்கையில் (வேறு உறுப்பு நாடுகளுக்கு விற்றதைப் பட்டியலிட்டு வரித்துறைக்குத் தருவது) சேர்ப்பது. பதிவெண் தவறாக இருந்தால் வரி விலக்கு கிடைக்காது. அந்த வரி விற்றவர் தலையில் விழும். வரியில்லாமல் வாங்கி, உள்நாட்டில் வரியோடு விற்று, வசூலித்ததைக் கட்டாமல் காணாமல் போகும் நிறுவனங்கள்தான் இந்த முறையின் பெரிய ஓட்டை.

சேரும் நாளுக்கு முன்பே நடக்கும் கூத்து ஒன்றும் உண்டு: பதுக்கல். அப்போது ஒன்றியத்தில் சர்க்கரை விலை உலகச் சந்தை விலையைவிட மிக அதிகமாக இருந்தது. அது தெரிந்து எஸ்டோனியாவில் 2004-க்கு முன் மூட்டை மூட்டையாக வாங்கி வைத்தார்கள். மிதமிஞ்சிய இருப்புக்கு அந்த நாடே பணம் கட்ட வேண்டும் என்றது ஒன்றியம். ஜாம் போட வீட்டில் வைத்திருக்கும் சர்க்கரையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று எஸ்டோனியா வாதாடிப் பார்த்தது, பலிக்கவில்லை.

கேள்வி: வெளியே நின்றுவிட்ட அண்டை நாட்டுக்காரர்களுக்கு என்ன ஆகும்?

பதில்: அவர்களுக்கு எல்லை இறுகுகிறது. உள்ளே அழியும் கோடு எங்கேயாவது தடிக்கத்தானே வேண்டும். அதுவரை விசா இல்லாமல் போலந்துக்கு வந்துபோன உக்ரேனியர்களுக்கு 2003 அக்டோபர் 1 முதல் விசா கட்டாயமானது. முதலில் அதை இலவசமாகத் தந்தார்கள். போலந்து ஷெங்கனுக்குள் போனதும் 35 யூரோ. கையில் பையோடு போலந்து-உக்ரைன் எல்லையிலுள்ள மெடிகா சாவடியை நடந்து கடந்து பிழைத்த சில்லறை வியாபாரிகளுக்கு அது பேரிடி.

வலியைக் குறைக்க 2006-ல் ஒன்றியம் ஒரு விதி கொண்டுவந்தது. எல்லையிலிருந்து 30 கிலோமீட்டருக்குள் (சில இடங்களில் 50 வரை) குறைந்தது ஓராண்டாவது வசித்தவருக்கு விசாவுக்குப் பதில் ஓர் அனுமதி அட்டை. அதை வைத்து எதிர்ப்பக்க எல்லைப் பட்டைக்குள் மட்டும் போகலாம். போலந்து-உக்ரைன் ஒப்பந்தம் 2009 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வரைபடத்தில் அளந்து பார்த்தால்தான் இதன் குறை தெரியும்: போலந்தின் பிஷெமிசில் நகரம் பட்டைக்குள் வருகிறது, உக்ரைனின் லிவிவ் எல்லையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் என்பதால் அந்த நகரத்துக்காரர்களுக்கு அட்டை கிடையாது. பேருந்து பிடித்துச் சந்தைக்குப் போகிறவர்களில் பலர் அங்கிருந்துதான் கிளம்புவார்கள். 2017 ஜூன் முதல் உக்ரேனியர்கள் குறுகிய காலப் பயணத்துக்கு விசாவே இல்லாமல் வரலாம். 180 நாளில் 90 நாள். ஆனால் அது மட்டுமே வேலை செய்யும் உரிமையைத் தராது.

பொருளுக்கும் இதே கதை. ஒன்றியத்துக்குள் சொந்த உபயோகத்துக்கு 800 சிகரெட் கொண்டுபோனால் பொதுவாகக் கேள்வி இல்லை. உக்ரைனிலிருந்து தரைவழியாகப் போலந்துக்குள் வருபவருக்கு 40, அதாவது இரண்டு பாக்கெட்.

கேள்வி: புதிய நாட்டுத் தொழிலாளர்கள் உடனே எங்கும் வேலைக்குப் போகலாமா?

பதில்: 2004-ல் முதல் நாளே கதவைத் திறந்தவை பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மட்டும். மற்ற பழைய உறுப்பு நாடுகள் 2+3+2 என்று அதிகபட்சம் 7 ஆண்டு தள்ளிப்போடலாம். ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் கடைசி நாள்வரை, 2011 ஏப்ரல் 30 வரை, தள்ளின. சுயதொழிலுக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே டைல்ஸ் ஒட்டும் போலந்துக்காரர்கள் பலர் ஜெர்மனியில் தனித்தனி 'முதலாளி'களாகப் பதிவு செய்துகொண்டார்கள்!

கேள்வி: எல்லாம் திறந்தாகிவிட்டது என்கிறீர்கள், ஜெர்மனி எல்லையில் இப்போதும் பேருந்தை நிறுத்துகிறார்களே?

பதில்: ஷெங்கன் விதியிலேயே அதற்கு இடம் உண்டு. கடுமையான அச்சுறுத்தல் என்று அறிவித்து உள் எல்லையில் தற்காலிகச் சோதனை வைக்கலாம். ஆஸ்திரிய எல்லையில் ஜெர்மனி 2015 செப்டம்பரில் தொடங்கியது. 2024 செப்டம்பரில் தன் எல்லாத் தரை எல்லைகளுக்கும் அதை விரித்தது. பதிலுக்குப் போலந்தும் 2025 ஜூலையில் ஜெர்மன் பக்கம் சோதனை வைத்தது. இது ஆட்களுக்கான சோதனை. சுங்கம் திரும்பி வந்துவிட்டதாக அர்த்தமில்லை. பயணத்தின்போது பாஸ்போர்ட்டைப் பெட்டியில் போட்டுப் பேருந்தின் அடியில் ஏற்றிவிடாதீர்கள். கையிலேயே இருக்கட்டும்.