முன்னால் போகிறவருக்கே முதல் அடி: ஆயுதங்களுடன் கார் ஓட்டும் காணொளிப் பந்தய விளையாட்டுகள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் விளையாட்டில் மூன்று சுற்றும் முதலிடத்தில் வந்துவிட்டு, கடைசி வளைவில் நீல ஆமை ஓடு (புளூ ஷெல்) தலையில் விழுந்து ஐந்தாவதாக முடிக்கிறேன். நன்றாக ஓட்டுபவரைத் தண்டிப்பதில் என்ன நியாயம்? (செங்காங் வாசகர்)

பதில்: கோபம் புரிகிறது. ஆனால் அந்த ஓடு கெட்ட நேரத்தால் வந்து விழவில்லை, திட்டமிட்டே வைக்கப்பட்டது. 1992இல் வந்த முதல் சூப்பர் மாரியோ கார்ட்டில் அது கிடையாது. 1996இல் வெளியான மாரியோ கார்ட் 64இல்தான், முதலிடத்தில் இருப்பவரைத் தேடிப்போய்த் தாக்கும் புளூ ஷெல் அறிமுகமானது. பாதையில் மிதக்கும் பெட்டியை உடைக்கும்போது உங்கள் கைக்கு என்ன வரும் என்பதும் முழுக்க அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததல்ல. பின்தங்கியிருப்பவருக்கு மின்னல், நட்சத்திரம், வண்டியைத் தானாகவே முன்னுக்குக் கொண்டுசெல்லும் புல்லட் பில் போன்ற வலுவானவையும், முன்னணியில் இருப்பவருக்கு நாணயம், வாழைப்பழத் தோல், பச்சை ஓடு போன்ற சாதாரணமானவையும் கிடைக்கும்படி விளையாட்டே எடைபோட்டுக் கொடுக்கிறது. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால், பழக்கமுள்ளவர் முதல் சுற்றிலேயே கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடுவார். மற்ற பதினொருவருக்கும் மீதமுள்ள இரண்டு சுற்றுகள் வெறும் சடங்காகிவிடும். பழக்கமே இல்லாத ஒருவர் கடைசி இருபது விநாடியில் வெற்றியைத் தொட்டுவிடக்கூடும் என்ற பதற்றம்தான் இந்த வகை விளையாட்டின் உயிர். உங்களுக்கு எரிச்சல் தருவதும் அதே பதற்றம்தான் என்பதால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை நீக்கிவிட முடியாது.

என்றாலும், புளூ ஷெல்லுக்கு மாற்று உண்டு. 2014இல் வந்த மாரியோ கார்ட் 8இல் சேர்க்கப்பட்ட சூப்பர் ஹார்ன் அதை நொறுக்கிவிடும். அடி விழும் நொடியைக் கணித்து, வேகம் கூட்டும் காளானைப் பயன்படுத்தினால் தப்பிக்கவும் முடியும். எதுவும் கையில் இல்லையென்றால், வேகத்தைக் குறைத்து இரண்டாவதாக வருபவரைப் பக்கத்தில் வரவிடுங்கள். வெடிப்பு அவரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடுவதால் உங்கள் இழப்பு பாதியாகும். டீலக்ஸ் பதிப்பில் இரண்டு பொருள்களைக் கையில் வைத்திருக்கலாம் என்பதால், ஹார்ன் கிடைத்தால் அதைச் செலவழிக்காமல் இறுதிச் சுற்றுவரை காப்பாற்றி வைப்பது நல்லது. இணையத்தில் தேர்ந்த ஆட்டக்காரர்கள் சில பாதைகளில் வேண்டுமென்றே பின்தங்கி, வலுவான பொருள்களைச் சேர்த்துக்கொண்டு, கடைசியில் பாய்கிறார்கள். பந்தயத்தில் மெதுவாகப் போவதே உத்தியாகிவிடுவது எனக்கும் கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கிறது.

கேள்வி: கணினி ஓட்டும் கார்களை எவ்வளவு தூரம் முந்தினாலும், அடுத்த வளைவில் பின்னால் வந்து நிற்கின்றன. இது ஏமாற்று வேலை இல்லையா? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: ஏமாற்று வேலைதான் என்று நினைக்கிறேன். இதை ரப்பர் பேண்டிங் என்பார்கள். நீங்கள் முந்திச் சென்றால் எதிராளிகளின் வேகம் கூடும். நீங்கள் பின்தங்கினால் அவர்கள் உங்களுக்காகக் காத்திருப்பார்கள். புளூ ஷெல்லைவிட இது மோசமானது என்று சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. ஓடு வரும்போது எச்சரிக்கைக் குறி தெரிகிறது, ஒலி கேட்கிறது, தடுக்கவும் வழி இருக்கிறது. ரப்பர் பேண்டிங்கோ கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதால், இரண்டு நிமிடம் பிழையின்றி ஓட்டியதற்கும் கடைசி இருபது விநாடி மட்டும் கவனமாக ஓட்டியதற்கும் வித்தியாசமே இல்லாமல் போகிறது.

2010இல் வந்த ஸ்பிலிட் செகண்ட் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அதில் சறுக்கி வளைந்தும், முன்னால் போகும் காரை ஒட்டி ஓட்டியும், தாவியும் ஆற்றலைச் சேர்த்து, ஒரு பொத்தானை அழுத்தினால் பாலம் சரியும், கட்டடம் இடியும். விமான நிலையப் பாதையில் ஒரு விமானமே போட்டியாளர்கள்மேல் வந்து விழும். கண்ணுக்கு விருந்து என்பதில் ஐயமில்லை. ஆனால் இத்தனையையும் எதிராளியின் தலையில் இறக்கிவிட்டு நிமிர்ந்தால், அவர் மீண்டும் உங்கள் பின்பக்கத்தில் இருப்பார்.

இதற்கு நேர்மாறாக, 2004இல் வந்த பர்ன்அவுட் 3 நாம் நொறுங்கும் தருணத்தையே வாய்ப்பாக்கியது. கார் சிதறும்போது நேரம் மெதுவாகி, சிதைந்த வண்டியை எதிராளியின் பாதையில் திருப்பிவிட முடியும். அவரும் மோதினால் உங்களுக்கு வேகம் கூட்டும் ஆற்றல் கிடைக்கும். விழுந்த பிறகும் செய்வதற்கு ஏதோ ஒன்று மிச்சமிருந்தால், தோல்வி அவ்வளவாகக் கசப்பதில்லை.

கேள்வி: ஆயுதமும் வேண்டும், ஆனால் அதிர்ஷ்டம் வேண்டாம். அப்படி விளையாட்டு உண்டா? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: உண்டு, மிகச் சிறந்த ஒன்று சந்தையில் நிலைக்கவில்லை என்பதுதான் வருத்தம். லிவர்பூலைச் சேர்ந்த பிசார் கிரியேஷன்ஸ் 2010 மே மாதம் வெளியிட்ட பிளர் விளையாட்டில், ஆயுதங்கள் மூடிய பெட்டிக்குள் இல்லாமல் இன்னது என்று தெரியும்படி சாலையிலேயே கிடக்கும். முதலில் வருபவரும் கடைசியில் வருபவரும் ஒரே பொருளை எடுக்கலாம். மூன்றைச் சேர்த்து வைத்து, முன்னோக்கியோ பின்னோக்கியோ எய்யலாம். துரத்தி வரும் ஷண்ட் என்னும் சிவப்பு உருண்டையைச் சரியான நேரத்தில் தட்டிவிடவும் முடியும். இணையத்தில் இருபது பேர்வரை மோதிய அந்தப் பந்தயங்களில் தோற்றபோது, எங்கே தவறினோம் என்பது நமக்கே தெரிந்தது. ஆனால் ஸ்பிலிட் செகண்ட், மாட்நேஷன் ரேசர்ஸ் ஆகிய போட்டி விளையாட்டுகளும் அதே மே மாதத்தில் வெளிவந்தன. பிசார் 2011 பிப்ரவரியில் மூடப்பட்டது. ஸ்பிலிட் செகண்டை உருவாக்கிய பிளாக் ராக் நிறுவனமும் அதே ஆண்டு மறைந்தது. மாரியோ கார்ட் 8 டீலக்ஸோ 60 மில்லியனுக்கும் மேல் விற்றிருக்கிறது. நியாயமான பந்தயத்தைவிட, யாரும் வெல்லக்கூடிய பந்தயத்தையே மக்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது.

பழைய பிளர் குறுந்தட்டு கிடைக்காதவர்கள், கிராஷ் டீம் ரேசிங்கின் 2019ஆம் ஆண்டு மறுபதிப்பை முயன்று பார்க்கலாம். அதிலும் பெட்டிகள் உண்டென்றாலும், வளைவுகளில் பொத்தானை நேரம் பார்த்து மூன்று முறை அழுத்தி வேகம் சேர்க்கும் திறமைக்கே அங்கு முதல் மதிப்பு.

கேள்வி: பள்ளி விடுமுறையில் ஆறு வயது மகளும் பதினொரு வயது மகனும் சேர்ந்து விளையாடுகிறார்கள். தோற்றதும் மகள் அழுகிறாள். ஒருவரையொருவர் தாக்குவது வன்முறையைப் பழக்குமோ என்று என் மாமியாருக்கும் கவலை. (பொங்கோல் வாசகி)

பதில்: மாமியாரின் கவலை புதிதல்ல. ஓடும் உருவங்களைக் காரால் மோதச் செய்த டெத் ரேஸ் என்ற, காசு போட்டு ஆடும் விளையாட்டு இயந்திரத்துக்கு எதிராக அமெரிக்காவில் 1976லேயே பெரும் கண்டனம் எழுந்தது. 1997இல் கார்மகெடன் விளையாட்டுக்கு பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் முதலில் சான்றிதழ் மறுத்ததால், பாதசாரிகளுக்குப் பதிலாகப் பச்சை ரத்தம் சிந்தும் நடைப்பிணங்களை வைத்து அதை வெளியிட்டார்கள். அவற்றுக்கும், வாழைத்தோலில் வழுக்கிச் சுழன்றுவிட்டு இரண்டு விநாடியில் மீண்டும் ஓடும் கார்ட்டுக்கும் வெகு தூரம். இங்கு சிங்கப்பூரில் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் விளையாட்டுகளை வகைப்படுத்துகிறது. அட்டையில் எம்18 முத்திரை இருந்தால் அது பிள்ளைகளுக்கானதல்ல என்று அறிந்துகொள்ளலாம்.

மகளுக்கு உதவ டீலக்ஸ் பதிப்பில் ஸ்மார்ட் ஸ்டீயரிங் என்ற வசதி இருக்கிறது; அவளுடைய வண்டி பாதையை விட்டு விழாது. தானாகவே வேகம் எடுக்கும் வசதியும் உண்டு. இரண்டையும் அவளுக்கு மட்டும் இயக்கி வையுங்கள். ஸ்மார்ட் ஸ்டீயரிங் குறுக்கு வழிகளில் செல்லவும் விடாது என்பதால் அண்ணன் அதைக் கையால் தொடமாட்டான். நான்கு பேர் ஒரே திரையில் ஆடலாம். மாமியாரையும் அழைத்துப் பாருங்கள். பின்தங்கியவருக்குப் புல்லட் பில் கிடைக்கும் ஏற்பாடு அவருக்கு மிகவும் பிடித்துப்போகும்.

கேள்வி: கடைத்தொகுதியில் உள்ள விளையாட்டு நிலையத்தில் அட்டையைத் தட்டி ஆடும் மாரியோ கார்ட், வீட்டில் ஆடுவதைவிட எளிதாக இருக்கிறதே? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: நாம்கோ உருவாக்கிய அந்த இயந்திரம் 2005 முதல் தனி வரிசையாக வருகிறது. ஒரு பந்தயம் சில நிமிடங்களில் முடிய வேண்டும், ஆடியவர் சிரித்துக்கொண்டே மறுபடியும் அட்டையைத் தட்ட வேண்டும். அதன் கணக்கு முழுவதும் இந்த இரண்டில் அடங்கிவிடுகிறது. தொடங்கும்முன் உங்கள் முகத்தைப் படம்பிடித்துத் திரையில் காட்டுவதும் அதற்காகத்தான். பயிற்சிக்கு வீட்டுப் பதிப்பே பொருத்தம். நிலையத்திற்கு நண்பர்களுடன் போங்கள்.