தாத்தா ஏன் தப்பாக எண்ணுகிறார்?

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. நூறு வரை நிற்காமல் சொல்வான். ஆனால் எழுத உட்காரச் சொன்னால் ஓடுகிறான், நோட்டைக் கண்டாலே அழுகை. எழுத்து அட்டை, செல்போன் செயலி, பயிற்சிப் புத்தகம் எல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டேன். மாமனாரோடு விளையாட மட்டும் ஆசையாகப் போவான். அவரோ பொத்தான்களை எண்ணும்போது வேண்டுமென்றே தப்பாக எண்ணுவார், கதையையும் மாற்றிச் சொல்வார். குழந்தை குழம்பிவிடுவானே என்று ஒரு மாதமாக அதை நிறுத்திவைத்திருக்கிறேன். விளையாட்டாகவே எழுத்தும் எண்ணும் கற்றுக்கொடுக்க வழி சொல்லுங்கள்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வழி உங்கள் வீட்டிலேயே இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் நீங்கள்தான் அதை அடைத்தீர்கள்.

தாத்தா தப்பாக எண்ணினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது உங்கள் மகன் என்ன செய்தான் என்று எழுதவில்லை. நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். "தப்பு தாத்தா, இதை விட்டுட்டீங்க!" என்று கத்தியிருப்பான். எத்தனையோ வீடுகளில் அந்தக் கத்தலைக் கேட்டிருக்கிறேன். குழம்பிய பிள்ளைக்கு அப்படிக் கத்தத் தெரியாது. விதி புரிந்தவன்தான் தப்பைப் பிடிப்பான்.

நூறு வரை சொல்வது ஒரு பாட்டை ஒப்பிப்பது போலத்தான். எண்ணுவது வேறு. ஒரு பொருளுக்கு ஒரு சொல், எதையும் விடக்கூடாது, ஒன்றையே இரண்டு முறை எண்ணக்கூடாது, கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தம். இவ்வளவும் புரிய வேண்டும். இன்றே ஒரு குவியல் பொத்தானை முன்னால் வைத்து, "ஐந்து கொடு" என்று கேட்டுப் பாருங்கள். நூறு வரை சொல்லும் பிள்ளைகளில் சிலர் ஒரு கை நிறைய அள்ளிக் கொடுப்பார்கள். உங்கள் மகனும் அப்படிச் செய்தால் திட்டாதீர்கள். அவனுக்கு இன்னும் எண்ணி விளையாட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் மாமனார் செய்ததையே அமெரிக்க உளவியலாளர் ரோஷெல் கெல்மன் 1983-இல் தன் சகாவோடு வெளியிட்ட ஆய்வில் செய்து பார்த்திருக்கிறார். ஒரு பொம்மை பொருள்களை எண்ணும். சில சமயம் ஒன்றை விட்டுவிடும், சில சமயம் ஒன்றையே இரண்டு தடவை எண்ணும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் அந்தத் தப்பைப் பிடித்தார்கள். தாங்களே எண்ணினால் தடுமாறும் அளவுக்குப் பொருள்கள் இருந்தபோதும் பிடித்தார்கள். உங்கள் மாமனாருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பேரனின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார். நீங்கள் அவரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. வீட்டுப் பெரியவர் குழந்தைக்குக் கொடுக்கும் நேரத்தை நிறுத்த நம் யாருக்கும் உரிமை இல்லை என்று நம்புகிறவள் நான்.

கதையை மாற்றுவதும் இதே வேலைதான். "புலி வந்தது" என்ற இடத்தில் "புளி வந்தது" என்று அவர் சொல்ல, இவன் சிரித்துத் திருத்தினால், லகரத்தையும் ளகரத்தையும் அவன் காது பிரித்துவிட்டது என்று அர்த்தம். எழுத்துக்கு முன்னால் ஒலி. கல், பல், சொல் என்று ஒலி ஒத்த சொற்களை அடுக்குவது, முதல் ஒலியை மாற்றி விளையாடுவது எல்லாம் வாசிப்புக்கான அடித்தளம். பிராட்லி, பிரையன்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் 400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 1983-இல் இதைத்தான் எழுதினார்கள்: பள்ளிக்கு முன்பே ஒலி ஒற்றுமையைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் பின்னாளில் நன்றாக வாசித்தார்கள்.

எழுதுவதற்கு அவசரப்பட வேண்டாம். களிமண் பிசையட்டும், காகிதம் கிழிக்கட்டும், மணலில் விரலால் கோடு போடட்டும். விரலுக்கு வலு வந்த பிறகு பென்சில்.

புதிதாக ஏதாவது வேண்டுமென்றால், ஒரு தாளில் 1 முதல் 10 வரை வரிசையாகக் கட்டம் போட்டுப் பகடை உருட்டி விளையாடுங்கள். பகடையில் 1, 2 மட்டும் இருந்தால் போதும். காய் 5-இல் நிற்கும்போது 2 விழுந்தால், "ஒன்று, இரண்டு" என்று நகர்த்தாமல் "ஆறு, ஏழு" என்று சொல்லி நகர்த்த வேண்டும். ரமணி, சீக்லர் என்ற உளவியலாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி 15, 20 நிமிட ஆட்டம் நான்கு முறை ஆடியதிலேயே பிள்ளைகளின் எண்ணறிவு கூடியது. கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக நிறம் மட்டும் இருந்த ஆட்டத்தில் அந்தப் பலன் வரவில்லை.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் குழந்தையின் அப்பா எங்குமே வரவில்லை. அந்தப் பகடையை உருட்ட அவரையும் உட்கார வையுங்கள். பிள்ளை வளர்ப்பது அவர் கடமையும்தான்.

சரி, இன்று மாலையே மாமனாரிடம் போய், "மாமா, நான் செய்தது தப்பு, அந்தப் பொத்தான் டப்பாவை எடுங்க" என்று சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். அவர் ஏழுக்கு அப்புறம் ஒன்பது என்று சொல்லும்போது நீங்கள் திருத்தாதீர்கள். உங்கள் மகன் திருத்தட்டும்.